ஊசி போட்ட மறுநாள்: குடல் அழற்சி நோயாளரின் தடுப்பூசிக் கேள்விகள்

குடலில் நீண்டகால அழற்சியை உண்டாக்கும் குரோன் நோயையும், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண்ணழற்சியையும் பற்றிக் கடந்த இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களைப் படித்தபோது, எழுதியவர்களின் வயதும் தொழிலும் வெவ்வேறாக இருந்தாலும், பெரும்பாலானோரின் மனத்தில் ஒரே அச்சம் இருப்பது தெரிந்தது. தடுப்பூசி போட்டால் அடங்கியிருக்கும் நோய் மீண்டும் கிளம்பிவிடுமோ என்பதே அது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. பெருங்குடல் புண்ணழற்சிக்காக மெசலசீன், அசதயோபிரின் ஆகிய இரண்டு குளிசைகளையும் எடுத்து வருகிறேன். 2021 இல் கொவிட் தடுப்பூசியின் இரண்டாவது ஊசி போட்ட அன்றிரவு காய்ச்சல் வந்தது. இரண்டு நாட்கள் உடம்பு உளைந்தது, வயிறும் இளகிப் போனது. ஊசியும் குளிசையும் ஒத்துப்போகவில்லை என்று நினைத்து மூன்று கிழமை குளிசைகளை நிறுத்தினேன். அடுத்த மாதம் மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கி, வைத்தியசாலையில் தங்க வேண்டியதாயிற்று. இப்போது கிளினிக்கில் இன்புளுவென்சா தடுப்பூசியும் நியுமோனியா தடுப்பூசியும் போடும்படி சொல்கிறார்கள். மீண்டும் அப்படி நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, டொக்டர். – புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று சம்பவங்கள் இருக்கின்றன, சகோதரி. ஊசி போட்டீர்கள், குளிசையை நிறுத்தினீர்கள், இரத்தம் போனது. முதலாவதையும் மூன்றாவதையும் நீங்கள் முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் முடிச்சுப் போடுகிறேன். ஏன் என்று விளக்குகிறேன்.

தடுப்பூசி தசைக்குள் சென்றதும், அந்த இடத்தில் காவலிருக்கும் நிர்ப்பீடனக் (நோயெதிர்ப்புக்) கலங்கள் அதை அந்நியப் பொருளென்று கண்டு, இன்டர்பெரோன், இன்டர்லூக்கின் போன்ற இரசாயனச் செய்திகளை இரத்தத்தில் விடுகின்றன. அச்செய்திகள் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை எட்டும்போது காய்ச்சல் வருகிறது, தசைகள் உளைகின்றன, களைப்புத் தோன்றுகிறது, சிலருக்கு வயிறும் ஓரிரு தடவை இளகிப் போகிறது. இவை ஊசி போட்ட சில மணித்தியாலங்களில் தொடங்கி, இரண்டு அல்லது மூன்று நாட்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. 2021 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், இந்நோயுள்ள 246 பேரைக் கொவிட் தடுப்பூசிக்குப் பின் அவதானித்தார்கள். முதல் ஊசிக்குப் பின் 100க்கு 39 பேரும், இரண்டாவது ஊசிக்குப் பின் 62 பேரும் ஏதோ ஒரு பக்கவிளைவைக் கூறினார்கள். பொதுமக்களில் காணப்பட்டதைவிட அது கூடுதலாக இருக்கவில்லை. உயிரியல் மருந்துகள் எனப்படும் வலிய மருந்துகளை எடுத்தவர்களுக்குப் பக்கவிளைவுகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தன. 3,000க்கும் மேற்பட்ட நோயாளர் பங்குபற்றிய இன்னொரு அமெரிக்க ஆய்வில், ஊசிக்குப் பின் குடல்நோய் கிளர்ந்ததாகச் சொன்னவர்கள் 100க்கு ஏறத்தாழ 2 பேர் மட்டுமே. இந்த நோய் ஊசி எதுவும் போடாத மாதங்களிலும் கிளர்ந்தும் அடங்கியும் வருவது என்பதை நோயாளராகிய நீங்களே அறிவீர்கள்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். கொவிட் தடுப்பூசிப் பரிசோதனைகளில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பங்குபற்றியவர்களில் ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசிக்குப் பதிலாக மருந்தில்லாத வெறும் திரவமே ஏற்றப்பட்டது. எது தமக்குப் போடப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவ்வாறு வெறும் திரவத்தைப் பெற்றவர்களிலேயே 100க்கு 35 பேர் அளவில் தலையிடி, களைப்பு போன்றவற்றைக் கூறினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனிதர்களுக்குச் சாதாரணமாகவே தலை இடிக்கிறது, களைக்கிறது, வயிறு குழம்புகிறது. ஊசி போட்ட நாளில் மட்டும் நாம் உடம்பைக் கூர்ந்து கவனிக்கிறோம்.

இனிக் குளிசைக்கு வருவோம். மெசலசீனை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு, ஒழுங்காக எடுப்பவர்களைவிட நோய் திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் அதிகம் என்று 2003 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அசதயோபிரின் இன்னும் மெதுவான மருந்து. அதன் முழுப் பலனும் கிடைக்க இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். மூன்று கிழமை இடைவெளி விட்டால், கட்டிய வரம்பை நாமே வெட்டிவிட்டது போலாகும். உங்கள் ஒருவரின் விடயத்தில் எது காரணம் என்று எவராலும் ஆணையிட்டுச் சொல்ல முடியாதுதான். ஆனால் இரண்டு நாட்களில் நின்றுபோன காய்ச்சலைவிட, மூன்று கிழமை நின்றுபோன மருந்தின் மீதே என் சந்தேகம் முழுவதும் விழுகிறது. இத்தனை ஆண்டுகளாக இந்த நோயாளரைப் பார்த்து வருகின்ற எனக்கு, ஊசியால் வந்த துன்பத்தைவிட, ஊசிக்குப் பயந்து மருந்தை விட்டதால் வந்த துன்பமே அதிகம் கண்ணில் பட்டிருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாமே என்று மனம் வருந்துகிறது.

இன்புளுவென்சா ஊசியிலும் நியுமோனியா ஊசியிலும் உயிருள்ள கிருமி இல்லை. அவற்றால் அந்த நோய்களே வந்துவிட இடமில்லை. நிர்ப்பீடனத்தைத் தாழ்த்தும் அசதயோபிரினை எடுக்கும் உங்களுக்கு அந்த நோய்கள் வந்தால் மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதால்தான் கிளினிக்கில் அவ்வாறு சொல்லியிருக்கிறார்கள். போட்டுக்கொள்ளுங்கள். அன்று காலையும் இரவும் உங்கள் குளிசைகளை வழக்கம்போல் எடுங்கள். மறுநாள் வயல் வேலையோ கடை வேலையோ இருந்தால் மட்டும் அந்த வேலையை ஒரு நாள் தள்ளி வையுங்கள்.

கேள்வி: என்னுடைய 19 வயது மகனுக்குக் குரோன் நோய். ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வந்தால், எங்கள் வீட்டில் கைவசம் இருக்கும் டைக்குளோபினாக் குளிசையைக் கொடுக்கலாமா? மார்கழி, தை மாதங்களில் இங்கே டெங்குவும் பரவுகிறது. ஊசிக் காய்ச்சல் எது, வேறு காய்ச்சல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – மல்லாவியிலிருந்து ஒரு தந்தை

பதில்: கொடுக்க வேண்டாம், ஐயா. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்ற வலிக் குளிசைகள் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையினதும் குடலினதும் உட்சுவரைக் காத்து நிற்கிறது. காவல் குறைந்த சுவர் புண்படும். குடல் அழற்சி உள்ளவர்களில் சிலருக்கு இந்தக் குளிசைகளே நோயைக் கிளப்பிவிடும். அப்போது பழி ஊசியின் மேல் விழுந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் காலத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. அந்தக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால், இதே குளிசைகள் இரத்தக்கசிவின் ஆபத்தைக் கூட்டும்.

பரசிற்றமோல் போதுமானது. 50 கிலோவுக்கு மேல் நிறையுள்ள வளர்ந்தவர் 500 மில்லிகிராம் குளிசை இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம். 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசைகளுக்கு மேற்படக் கூடாது. குரோன் நோயுள்ள இளைஞர்கள் பலர் மெலிந்திருப்பார்கள். உங்கள் மகனின் நிறை 50 கிலோவுக்குக் குறைவென்றால், ஒரு வேளைக்கு ஒரு குளிசையோடு நிறுத்திக்கொண்டு, கூட்ட வேண்டுமா என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். காய்ச்சல் வருமுன்பே, ஊசிக்குப் போகும்போதே குளிசையைக் கொடுத்து அனுப்பவும் தேவையில்லை. வயிறு இளகிப் போனால் ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசலும் கஞ்சியும் இளநீரும் கொடுங்கள்.

காய்ச்சலைப் பிரித்தறிவதற்கு நாட்களை எண்ணுவதே நல்ல வழி. ஊசிக் காய்ச்சல் அன்றோ மறுநாளோ தொடங்கும், மூன்றாம் நாளுக்குள் இறங்கிவிடும். சின்னமுத்து (தட்டம்மை) தடுப்பூசி மட்டும் விலக்கு. அதற்குரிய காய்ச்சலும் மெல்லிய தடிப்புகளும் ஒரு கிழமை கழித்தே, ஏழாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாள் வரையில் தோன்றக்கூடும். மூன்றாம் நாளிலும் காய்ச்சல் விடாமல் நீடித்தால், ஊசியைக் காரணம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காமல், அன்றே இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு செல்லுங்கள். டெங்கு மட்டுமல்ல, வயலில் இறங்கியவராக இருந்தால் எலிக்காய்ச்சலும் இருக்கலாம். அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்தான பிரெட்னிசலோனை எடுப்பவர்களுக்குக் கடுமையான கிருமித்தொற்றிலும் காய்ச்சல் பெரிதாகக் காட்டாமல் இருக்கக்கூடும் என்பதால், உடல் வெப்பம் குறைவாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். ஆள் சோர்ந்து போகிறாரா, சிறுநீர் குறைகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள்.

குடல்நோய் கிளர்வதன் அடையாளங்கள் வேறு. மலத்தில் இரத்தமும் சளியும், நித்திரையில் இருந்து எழுப்பும் வயிற்றோட்டம், நாட்கள் செல்லச் செல்ல கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி ஆகியவை அவை. ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போய், அதனுடன் காய்ச்சலோ, நிமிடத்துக்கு 90க்கு மேற்பட்ட நாடித்துடிப்போ இருந்தால், அது வைத்தியசாலையில் படுக்கவைத்துச் சிகிச்சை செய்ய வேண்டிய நிலை. அந்த நிலையில் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு இன்பிளிக்சிமாப் மருந்து எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை ஏற்றுகிறார்கள். தடுப்பூசி போட்ட பிறகு எனக்குக் காய்ச்சலோ கைவலியோ எதுவும் வரவில்லை. ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தமா? – மன்னார் வாசகர்

பதில்: இல்லை. பக்கவிளைவு ஊசியின் அளவுகோல் அன்று. எதுவும் உணராதவர்களிலும் கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள் நன்றாக உருவாகிறது. ஆனால் உயிரியல் மருந்துகளில் ஒன்றான உங்கள் மருந்தைப் பொறுத்தமட்டில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். இன்பிளிக்சிமாப் எடுப்பவர்களில் ஒரு தனிக் கொவிட் ஊசிக்குப் பின் உருவாகும் எதிர்ப்பொருள், குடலில் மட்டும் செயற்படும் வெடோலிசுமாப் எடுப்பவர்களில் உருவாவதைவிடக் குறைவு என்று 2021 இல் பிரித்தானிய ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், இரண்டாவது ஊசியின் பின் பெரும்பாலானோரில் எதிர்ப்பொருள் உருவானது. எனவே உங்களுக்குக் குறிக்கப்பட்ட ஊசிகளில் எதையும் இடையில் விட்டுவிடாதீர்கள் என்பதே என் பதில். மருந்தேற்றும் நாளைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

கேள்வி: நான் 2001 இல் பிறந்தவன். 2009 இல் விசுவமடுவிலிருந்து இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்தோம். என்னுடைய தடுப்பூசிப் பதிவேடு வழியிலேயே போய்விட்டது. இப்போது குரோன் நோய் என்று கண்டுபிடித்து, ஐந்து கிழமையாகப் பிரெட்னிசலோன் 30 மில்லிகிராம் எடுக்கிறேன். அடுத்து அசதயோபிரினும், தேவைப்பட்டால் இன்பிளிக்சிமாப்பும் தருவதாகச் சொன்னார்கள். எந்தெந்த ஊசி போட்டாய் என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. – விசுவமடு வாசகர்

பதில்: தம்பி, பதில் சொல்ல முடியாமற் போனதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம் பதிவேட்டைக் கேட்டால் எங்கே போவது? உங்கள் வயதுடைய நோயாளர் பலரிடம் இதே வெறுமையை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் இது தீர்க்கக்கூடிய சிக்கல்தான்.

தாயாரோ பெரியம்மாவோ இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். சின்னமுத்து வந்ததா, கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்ததா என்பது பெரும்பாலும் அவர்களுக்கு நினைவிருக்கும். இடது மேற்கையில் சிறு தழும்பு இருந்தால் அது பிறந்தபோது போட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு. பாடசாலையில் ஊசி போட்டிருந்தால் அதன் பதிவைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்கலாம். எஞ்சியதை இரத்தம் சொல்லும். ஈரல் அழற்சி பி கிருமி உடலில் இருக்கிறதா, அதற்கு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்ப்பார்கள். ஏனெனில் அந்தக் கிருமி ஈரலில் உறங்கிக்கொண்டிருந்தால், இன்பிளிக்சிமாப் போன்ற மருந்து அதை எழுப்பிவிடும். இலங்கையின் தேசியத் திட்டத்தில் அந்த ஊசி 2003 இலிருந்துதான் படிப்படியாகச் சேர்ந்தது என்பதால், உங்களுக்குக் குழந்தைப் பருவத்தில் அது கிடைத்திருக்க வாய்ப்புக் குறைவு. மறைந்திருக்கும் காசநோய்க்கான பரிசோதனைகளையும் அதனுடன் சேர்த்துச் செய்வார்கள். கையில் தழும்பு இருக்கிறது என்பதற்காக அதைத் தவிர்க்க முடியாது.

போட்டேனா இல்லையா என்று தெரியாத ஊசியை மறுபடி போட்டால் ஆபத்தா என்று நீங்கள் கேட்பீர்கள். உயிரற்ற தடுப்பூசிகளில் ஆபத்தில்லை. கை சற்றுக் கூடுதலாக வீங்கி நோகலாம், அவ்வளவுதான். ஈரல் அழற்சி பி, ஏற்புவலி, இன்புளுவென்சா, நியுமோனியா ஆகியவற்றுக்கான ஊசிகளை நீங்கள் பிரெட்னிசலோன் எடுக்கும் இந்த நாட்களிலேயே தொடங்கலாம்.

உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளே உங்களுக்கு இப்போது ஆகாதவை. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி, கொப்புளிப்பான் ஊசி, காசநோய் ஊசி, வாய்வழிப் போலியோச் சொட்டு, நம் நாட்டில் குழந்தைகளுக்குப் போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசலோனை இரண்டு கிழமைக்கு மேல் எடுத்தவர், அதை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதமாவது செல்லும் வரை இவற்றைப் போடக் கூடாது. சில வழிகாட்டல்கள் மூன்று மாதம் என்கின்றன. இன்பிளிக்சிமாப் தொடங்குவதாயின் அதற்கு நான்கு கிழமைகளுக்கு முன்பே இவை முடிந்திருக்க வேண்டும். உங்கள் குடல்நோய் அவ்வளவு காலம் காத்திருக்க விடாது என்று வைத்தியர் கருதினால், சிகிச்சையே முதன்மை. உயிருள்ள ஊசிகளை விட்டுவிட்டு, வீட்டிலுள்ள மற்றவர்கள் தங்கள் ஊசிகளைச் சரியாகப் போட்டு உங்களுக்கு வேலியாக நிற்கட்டும்.

கொப்புளிப்பானைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அதற்கான தடுப்பூசி நமது தேசியத் திட்டத்தில் இல்லை. ஆகவே சிறுவயதில் வராதவர்கள் பெரியவர்களான பின்னும் அதற்கு ஆளாகலாம். நம்மவர்கள் அதை அம்மாள் வருத்தமென்று கூறி, வேப்பிலை வைத்து, வைத்தியரிடம் காட்டாமல் வீட்டிலேயே பார்ப்பது வழக்கம். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். வேப்பிலையும் இருக்கட்டும், விளக்கும் எரியட்டும். ஆனால் பிரெட்னிசலோனோ அசதயோபிரினோ எடுக்கும் ஒருவருக்கு அந்த வருத்தம் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் பரவி உயிரையே எடுக்கக்கூடியது. முதல் கொப்புளம் கண்ட அன்றே அவருக்கு வைரசுக்கு எதிரான மருந்து தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்து, அந்தப் பிள்ளையோடு நீங்கள் இருந்திருந்தால், உங்களுக்கு எதுவும் தோன்றும் முன்பே வைத்தியசாலைக்குச் சென்று சொல்லுங்கள்.

கேள்வி: சின்னமுத்து ஊசியால்தான் பிள்ளைகளுக்குக் குடல் நோய் வருகிறது என்று ஒரு குரற்பதிவு கைத்தொலைபேசிகளில் சுற்றுகிறது. எனது சகோதரிக்குக் குரோன் நோய் இருப்பதால், அவருடைய பிள்ளைக்கு அந்த ஊசியைப் போடத் தயங்குகிறார். – வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: அந்தக் கதைக்கு ஒரு மூலம் உண்டு. 1998 இல் அன்ட்ரூ வேக்பீல்ட் என்ற பிரித்தானிய வைத்தியரும் சிலரும் 12 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையொன்று லான்செற் சஞ்சிகையில் வெளியானது. அந்த முக்கூட்டு ஊசியைக் குடல் அழற்சியோடும் ஓட்டிசத்தோடும் தொடர்புபடுத்தி அது பேசியது. அதன் பிறகு பல நாடுகளில் பெருந்தொகையான பிள்ளைகளை ஆராய்ந்தும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. பிள்ளைகளைத் தெரிந்தெடுத்த விதத்திலும் தகவல்களிலும் நேர்மையின்மை வெளிப்பட்டு, 2010 இல் சஞ்சிகை கட்டுரையை மீளப்பெற்றது. அதே ஆண்டு அவருடைய பெயர் அந்நாட்டு வைத்தியப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. கட்டுரை போய்விட்டது, வதந்தி மட்டும் மொழி மாறி மொழி மாறி இங்கு வந்து சேர்ந்திருக்கிறது. சின்னமுத்தை ஒழித்த நாடென்று இலங்கைக்கு 2019 இல் சான்றளிக்கப்பட்டது. 2023 இல் அந்நோய் மீண்டும் பரவியது. ஊசி போடாத பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் வேறு நாட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

குரோன் நோயுள்ள தாயின் பிள்ளை வேறு தடை எதுவும் இல்லாதவிடத்து, ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் இந்த ஊசியைப் பெற வேண்டும். பிள்ளைக்குப் போட்ட ஊசியிலிருந்து தாய்க்கு அந்நோய்கள் தொற்றுவதில்லை. போலியோச் சொட்டுப் பெற்ற கைக்குழந்தையின் மலத்தில் மட்டும் அந்தக் கிருமி சில கிழமைகள் வெளியேறும் என்பதால், உங்கள் சகோதரி மருந்து எடுப்பவராயின், துணி மாற்றும் வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். இயலாவிட்டால் சவர்க்காரமிட்டு நன்றாகக் கை கழுவட்டும்.

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம். கர்ப்பத்திலும் இன்பிளிக்சிமாப்பை நிறுத்த வேண்டாம் என்று யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் சொல்லி, தொடர்ந்து ஏற்றினார்கள். குழந்தைக்கு ஊசி போடுவதில் ஏதும் பிரச்சினை உண்டா? – கிளிநொச்சி வாசகி

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மிக முக்கியமானதாக நான் கருதுவது உங்களுடையதுதான். மருந்தை நிறுத்தாமல் வைத்தது சரி. தாயின் குடல்நோய் கர்ப்பத்தில் கிளர்ந்தால் குழந்தை நேரத்துக்கு முன்னரே, நிறை குறைந்து பிறக்க நேரலாம். ஆனால் இன்பிளிக்சிமாப் ஓர் எதிர்ப்பொருள் என்பதால், கர்ப்பத்தின் பிற்பகுதியில் சூல்வித்தகத்தை (நச்சுக்கொடியை) கடந்து குழந்தையின் இரத்தத்துக்குச் செல்கிறது. பிறந்த பின்னும் பல மாதங்களுக்கு, சில குழந்தைகளில் ஒரு வருடம் வரை கூட, அது அங்கே தங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் உயிருள்ள தடுப்பூசியைத் தாங்கும் வலு குழந்தைக்குக் குறைவாக இருக்கலாம்.

நம் நாட்டில் பி.சி.ஜி. எனப்படும் காசநோய் ஊசியை, குழந்தை பிறந்து வைத்தியசாலையை விட்டு வீட்டுக்குப் போகும் முன்பே போட்டுவிடுகிறார்கள். மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் அது மிகவும் நல்ல ஏற்பாடு. உங்கள் குழந்தைக்கு மட்டும் அது தள்ளிப்போட வேண்டியது. கர்ப்பத்தில் இன்பிளிக்சிமாப் பெற்ற ஒரு தாயின் குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் காசநோய் ஊசி போட்டதால் அக்கிருமி உடலெங்கும் பரவி, குழந்தை இறந்த சம்பவம் 2010 இல் பிரித்தானியாவிலிருந்து வெளியிடப்பட்டது. அரிதான சம்பவம்தான். எனினும் ஒரு வாக்கியத்தை உரிய நேரத்தில் சொல்வதன் மூலம் தவிர்க்கக்கூடிய ஒன்று.

ஆகவே பிரசவத்துக்கு முன்பே உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடமும் மகப்பேற்று வைத்தியரிடமும் சொல்லி, கர்ப்பவதிப் பதிவேட்டின் முன்பக்கத்திலேயே "இன்பிளிக்சிமாப் ஏற்றப்பட்டது, குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசி போட முன் குழந்தை வைத்தியரிடம் கேட்கவும்" என்று எழுதுவித்து, கடைசியாக ஏற்றிய திகதியையும் குறித்து வையுங்கள். பிரசவ விடுதியில் தாய் களைத்துப்போய்ப் படுத்திருக்கும் வேளையில் குழந்தையை ஊசிக்கு எடுத்துச் செல்லலாம் என்பதால், உங்களோடு நிற்கப்போகும் அம்மாவுக்கும் கணவருக்கும் இது மனப்பாடமாக இருக்கட்டும். குறைந்தது ஆறு மாதம் தள்ள வேண்டும் என்பது சில வழிகாட்டல்கள். பன்னிரண்டு மாதம் என்பன வேறு சில. எதைப் பின்பற்றுவது என்பதைக் குழந்தை வைத்தியர் முடிவு செய்வார். போலியோச் சொட்டுக்கும் அதே கவனம் வேண்டும். இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசியிலும் ஊசிவழிப் போலியோ மருந்திலும் உயிருள்ள கிருமி இல்லாததால், அவற்றை நாள் தவறாமல் போடலாம். பயத்தில் எல்லா ஊசிகளையும் நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுங்கள், பாலில் செல்லும் மருந்தின் அளவு மிகச் சொற்பம்.

மெசலசீன் அல்லது அசதயோபிரின் மட்டும் எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்குப் பொதுவாக இந்தத் தடை இல்லை. இருந்தாலும் அதையும் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: ஒரு கிழமைக்கு முன் தெருநாய் காலில் பிறாண்டிவிட்டது. தோல் மட்டும் சற்றுக் கீறியது. நான் அசதயோபிரின் எடுப்பவன். விசர்நாய்க்கடி ஊசி என் குடல்நோயைக் கிளப்பும் என்று ஒருவர் சொன்னதால் இன்னும் போகவில்லை. போகலாமா? – ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: இந்தக் கடிதத்தைக் கண்டவுடன், அதிலிருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, அன்றே அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லும்படி இவரிடம் சொன்னேன். இதழ் வெளிவரும் வரை காத்திருக்கும் விடயம் அல்ல இது. மற்ற வாசகர்களுக்காகவே இங்கே எழுதுகிறேன். விசர்நாய்க்கடியால் வரும் நீர்வெறுப்பு நோய் தொடங்கிவிட்டால் அநேகமாக எவரையும் காப்பாற்ற முடிவதில்லை. அதற்கான ஊசி உயிரற்ற கிருமியால் ஆனது. குடல்நோயோ, கர்ப்பமோ, எந்த மருந்தோ அதற்குத் தடையில்லை. ஊசி போட்ட இடத்தில் நோவு, தலையிடி, சிறு காய்ச்சல் ஆகியவை வரலாம், போய்விடும்.

நாய் பிறாண்டினாலோ கடித்தாலோ, காயத்தை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுங்கள். கிணற்றடியில் வாளியால் ஊற்றிக் கழுவினாலும் போதும். வைத்தியசாலையில் கிளினிக் கொப்பியைக் காட்டி, அசதயோபிரின், இன்பிளிக்சிமாப், பிரெட்னிசலோன் போன்றவற்றில் எதை எடுக்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். நிர்ப்பீடனத்தைத் தாழ்த்தும் மருந்துகளை எடுப்பவர்களுக்கு, மற்றவர்களுக்கு ஊசி மட்டும் போதுமான சிறு கீறலுக்கும், தடுப்பூசியோடு எதிர்ப்பொருள் மருந்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. நீங்கள் சொல்லாவிட்டால் அது அவர்களுக்குத் தெரியவராது. குறித்துத் தந்த நாட்கள் எல்லாவற்றிலும் சென்று ஊசிகளை முழுமையாகப் போட்டு முடியுங்கள். அந்த நாட்களிலும் அசதயோபிரினை வழக்கம்போல் எடுங்கள்.